பல்லிக்கு வாத்தியார் பெயர் வைக்கலாமா?
வாசகர் கேள்வி – பதில்

புதிதாகக் கண்டுபிடிக்கும் உயிரினங்களுக்கு மனிதர்களின் பெயரை வைப்பது பற்றிப் பழைய வட ஆற்காடு மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், எங்கள் வகைப்பாட்டியல் குழுவின் பதில்களும்.

எங்கள் ஊர்ப் பாறைகளில் ஒரு பல்லியைப் படம் எடுத்தேன். பலரிடம் காட்டியும் யாருக்கும் பெயர் தெரியவில்லை. புதுச் சிற்றினம் என்றால், ஓய்வுபெறப்போகும் என் விலங்கியல் ஆசிரியரின் பெயரை வைக்க முடியுமா? என்னென்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

வைக்க முடியும். உயிரோடு இருப்பவர், மறைந்தவர், ஆசிரியர், காவலர் என்று யார் பெயரையும் வைக்க விலங்குகளுக்கான சர்வதேசப் பெயரிடல் விதிகள் இடம் தருகின்றன. கொல்லிமலையில் மண்ணுக்குள் வாழும் ஒரு கேடயவால் பாம்புக்கு, தமிழ்நாட்டுப் பாம்பியல் அறிஞர் எம்.வி.ராஜேந்திரனின் நினைவாக 2020இல் யூரோபெல்டிஸ் ராஜேந்திரனி என்று பெயர் வைத்தார்கள். மும்பைத் தாக்குதலில் உயிரைக் கொடுத்த காவலர் துக்காராம் ஓம்பளேயின் பெயரில் ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கிறது.

பெயர் கடைசி வேலை. அது புதுசுதானா என்று உறுதிசெய்வதுதான் முதல் வேலை. படத்தைப் பார்த்து யாருக்கும் தெரியவில்லை என்பதால் ஒரு பல்லி புதுசு ஆகிவிடாது. நம் பக்கத்துப் பாறைப் பல்லிகள் பலவும் ஹெமிடாக்டைலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் அதில் 150க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நிறத்தை நம்ப முடியாது. ஒரே பல்லி பகலில் ஒரு நிறமாகவும் இரவில் ஒரு நிறமாகவும் தெரியும். எண்ண வேண்டியவை வேறு: விரல்களின் அடியில் உள்ள மடிப்புத் தகடுகள், முதுகில் புடைத்த செதில்களின் வரிசைகள், ஆண் பல்லியின் தொடையடியில் உள்ள துளைகள். துளைகள் இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை, நடுவில் துளை இல்லாத செதில்கள் எத்தனை என்று மூன்று எண்களாக எழுத வேண்டும். பெரும்பாலும் இந்த மூன்று எண்களில்தான் இரண்டு சிற்றினங்கள் பிரியும். பெண் பல்லியும் குஞ்சும் மட்டும் கிடைத்திருந்தால் இந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும்.

அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள். காப்புக்காட்டில் எதை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் அது எந்த இடத்தில் இருந்தாலும் தொடக்கூடாது. அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். தனியாக இறங்காமல், பல்லி வகைப்பாட்டில் கட்டுரை வெளியிட்ட ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

மாதிரியைப் பதப்படுத்தும்போது வரிசை தவறக்கூடாது. முதலில் அரிசி அளவு ஈரல் துண்டைத் தூய எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். உடலை ஃபார்மலினில் வைப்பது அதற்குப் பிறகுதான். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. ஓரிரு நாள் கழித்துத் தண்ணீரில் அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். முதலிலேயே ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும், பிறகு மரபணு ஒப்பீட்டுக்கு அந்த மாதிரி பயன்படாது. ஃபார்மலின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். கையுறை போட்டு, காற்றோட்டமான ஆய்வகத்தில் மட்டும் கையாளுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வால் அறுந்த மாதிரியில் வால் செதில்களை ஒப்பிட முடியாது. சீட்டைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். தேதியும் இடமும் இல்லாத மாதிரியால் யாருக்கும் பயன் இல்லை.

அடுத்தது ஒப்பீடு. சென்னை மாகாணத்துப் பல்லிகளைப் பெட்டோம், குந்தர் என்ற இயற்கையியலாளர்கள் 1800களிலேயே விவரித்தார்கள். அவர்கள் பார்த்த மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ‘புதுசு’ என்று எழுதினால், நூறு வருடம் முன்பு வைத்த பெயர் ஒன்று பின்னால் வெளிவரும். முந்திய பெயருக்கே உரிமை, உங்கள் ஆசிரியரின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலில், அதாவது செல்லாத மறுபெயர்களோடு, போய் உட்கார்ந்துவிடும். அவருக்குச் செய்யும் மரியாதை இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

புதுசு என்று உறுதியானபின், ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று குறிக்க வேண்டும். அந்தப் பெயர் காலத்துக்கும் அந்த உடலோடு கட்டப்பட்டிருக்கும். உயிரியல் பன்மச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவுப்படி, புதிய சிற்றினத்தை அரசு குறித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. கட்டுரையில் ‘புதுச் சிற்றினம்’ என்ற குறிப்பு, வேறுபடுத்தும் விவரிப்பு, ஹோலோடைப்பின் பதிவு எண், அது இருக்கும் இடம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் செய்த பதிவும் அந்தக் கட்டுரைக்குள்ளேயே காட்டப்பட வேண்டும். இந்தப் பதிவை மறந்ததால் செல்லாமல் போன பெயர்கள் உண்டு. பெயர்க்காரணம் கட்டாயம் இல்லை, ஆனாலும் எழுதுங்கள். யார், என்ன பணி செய்தார் என்று இரண்டு வரி போதும்.

உங்கள் ஆசிரியரையும் கட்டுரையாளராகச் சேர்த்துவிட்டு அவர் பெயரையே வைத்தால், தனக்குத் தானே வைத்துக்கொண்டது போல ஆகிவிடும். பெயரா, கட்டுரையில் பங்கா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டுரை வரும்வரை பெயரை வாட்ஸ்அப்பிலோ பிரிவு உபசார விழா மேடையிலோ சொல்லிவிடாதீர்கள். விவரிப்பு இல்லாமல் வெளியே போன பெயர் செல்லாது. குழப்பம் மட்டும் மிஞ்சும்.

என் மகள் சிலந்தி ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு சிலந்திக்குத் தன் பாட்டியின் பெயரை வைக்க விரும்புகிறாள். பெண் பெயருக்கு விதி வேறு என்கிறாளே, உண்மையா? நம் இனிஷியலை எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, ஆரணி

உண்மைதான். லத்தீன் வேற்றுமை உருபு சேர வேண்டும். ஆண் ஒருவர் என்றால் கடைசியில் ஆங்கில எழுத்து ‘ஐ’. பெண் ஒருவர் என்றால் ‘ஏ, இ’ இரண்டெழுத்து. பல ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணுமாகப் பலர் என்றால் ‘ஓ, ஆர், யூ, எம்’. பெண்கள் மட்டும் பலர் என்றால் ‘ஏ, ஆர், யூ, எம்’. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரை 2019இல் ஒரு மேற்குத் தொடர்ச்சிமலைப் பல்லிக்கு வைத்தபோது டிராவிடோகெக்கோ ஜானகியே என்று ‘ஏ, இ’ போட்டார்கள்.

செடிகளுக்கு விதி கொஞ்சம் மாறும். ஆண் பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால் ‘ஐ’ இரண்டு முறை வரும். முருகன் என்பவர் பெயர் விலங்குக்கு ‘முருகனி’, செடிக்கு ‘முருகனிஐ’. பெயர் ‘இ, ஆர்’ எழுத்துகளில் முடிந்தால் செடியிலும் ஒரே ‘ஐ’. ராஜா மாதிரி ‘ஏ’ எழுத்தில் முடியும் ஆண் பெயருக்குச் செடியில் ‘இ’ மட்டும் சேரும், பார்வைக்குப் பெண் பெயர் மாதிரியே இருக்கும். தாவரப் பெயரில் உருபு தவறினால் பின்னால் வருபவர் திருத்தலாம். விலங்குப் பெயரில் முதலில் அச்சான எழுத்துக்கே மதிப்பு அதிகம், ஆகவே முதல் தடவையே சரியாக இருக்கட்டும்.

இனிஷியல் சேர்வதில்லை. குடும்பப் பெயர் வழக்கம் நமக்கு இல்லாததால், அவரை ஊர் எந்தப் பெயரால் அறியுமோ அதை எடுங்கள். ‘ழ’ உள்ள பெயர் என்றால் ஆங்கிலத்தில் ‘இஸட், ஹெச்’ போடுவதா ‘எல்’ போடுவதா என்று அவரையே அல்லது அவர் வீட்டாரையே கேட்டு, ஆவணத்தில் உள்ளபடி எழுதுங்கள். அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலந்திகளுக்கு உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் இலவசம். கடைசியில் ஒரு ‘ஐ’ இருந்தாலும் இரண்டு இருந்தாலும் விதி அதை ஒரே பெயராகவே எண்ணும், ஆகவே அந்த வித்தியாசத்தை நம்பி வைக்க முடியாது.

உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: வளர்ந்த சிலந்தி வேண்டும். ஆணில் முகத்தருகே உள்ள உணர்காலின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உப்பியிருக்கும். பெண்ணில் வயிற்றின் அடியில், முன்பக்கம், கெட்டியான சிறு தகடு தெரியும். இந்த இரண்டு உறுப்புகளின் வடிவத்தை வைத்துத்தான் சிற்றினத்தைப் பிரிக்கிறார்கள். குஞ்சுச் சிலந்தியின் அழகான படம் எத்தனை வந்தாலும் அதை வைத்துப் பெயர் வைக்க முடியாது.

பணம் கொடுத்தால் புதிய உயிரினத்துக்கு நம் பெயரை வைப்பார்களாமே?
– வாசகர், வாணியம்பாடி

நடந்திருக்கிறது. பொலிவியாவில் கண்டுபிடித்த ஒரு குரங்கின் பெயர் உரிமை 2005இல் ஏலத்துக்கு வந்தது. ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் 6,50,000 டாலர் கொடுத்து எடுத்தது. பணம் அந்தக் குரங்கு வாழும் மடிடி தேசியப் பூங்காவின் பாதுகாப்புக்குப் போனது. விதி இதைத் தடுக்கவில்லை. ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தவர் பெயரை வைப்பதும் பழைய வழக்கம்தான். நம் வீட்டு மருதாணியின் பேரினப் பெயர் லாசோனியா. உயிரினங்களுக்கு இருசொல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸின் நூல் 1735இல் அச்சேற உதவிய ஐசக் லாசன் என்ற மருத்துவரின் பெயர் அது. ஆனால் யாராவது ‘சான்றிதழ் தருகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று நேரடியாகக் கேட்டால், கட்டுரை எந்த இதழில், எந்த ஹோலோடைப்போடு வருகிறது என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரை இல்லாத சான்றிதழுக்கு மதிப்பு இல்லை.

காவலூர் தொலைநோக்கியில் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். சிலந்திக்கும் அதே மாதிரிக் குழு ஒப்புதல் வேண்டுமா?
– பள்ளி மாணவி, ஆலங்காயம்

வேண்டாம். 4130 ராமானுஜன் 1988இல் உங்கள் பக்கத்துக் காவலூரில் கண்டுபிடித்தது. சிறுகோள் என்றால் கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழிவார், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல், ராணுவத்தால் பெயர்பெற்றவர் என்றால் மறைந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உயிரினப் பெயருக்கு இப்படி ஒப்புதல் தரும் குழு இல்லை. விதிப்படி அச்சான நாளிலிருந்து பெயர் செல்லும். பாக்டீரியா மட்டும் கொஞ்சம் வேறு: உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும், பெயர் அதற்கென்று உள்ள ஒரே இதழில் வர வேண்டும், அல்லது அதன் பட்டியலில் சேர வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த சோலிபேசில்லஸ் கலாமிஐ, 2017இல் அப்துல் கலாம் பெயரைப் பெற்றது அந்த வழியில்தான்.

ஆராய்ச்சியாளர்கள் வந்தால் காட்டுக்குள் வழி காட்டுவது நாங்கள். எந்தச் செடி எங்கே பூக்கும் என்று சொல்வதும் நாங்கள். பெயர் மட்டும் வெளியூர்க்காரர்களுக்கா?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

நியாயமான கேள்வி. சென்னை மாகாணத்தில் நூற்றைம்பது வருடமாக வைத்த பெயர்களில் பெட்டோம், ஜெர்டன், வைட் என்று அதிகாரிகளும் மருத்துவர்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அமிர்தி பக்கம் பார்க்கும் பச்சைக் குருவி குளோராப்சிஸ் ஜெர்டோனி. ஜெர்டனோடு நடந்த வழிகாட்டிகளின் பெயர் நமக்குத் தெரியாது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மாற்றம் தொடங்கியிருக்கிறது. கேரளத்தில் மரத்தில் வாழும் நண்டு ஒன்றை 2017இல் விவரித்தபோது பேரினத்துக்குக் காணிப் பழங்குடி மக்களின் பெயரையே வைத்தார்கள். சிற்றினப் பெயரும் அவர்கள் சொல்லும் ‘மரஞண்டு’. முழுப்பெயர் காணி மரஞண்டு.

உங்கள் கையில் இருக்கும் வழிகளைச் சொல்கிறோம். உயிரியல் பன்மச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் செடிகளுக்குச் சொல்லும் பெயர், பூக்கும் மாதம், பயன், சொன்னவர் யார் என்று அதில் ஏற்றுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த மருந்து முறை என்றால் வெளியிட வேண்டாம் என்று பதிவேட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சியாளர் வரும்போது, மாதிரிச் சீட்டில் ‘காட்டியவர்’ என்று பெயர் எழுதும்படி முதல் நாளே கேளுங்கள். நன்றியுரையில் ‘உள்ளூர் மக்களுக்கு நன்றி’ என்று போவதை ஏற்காமல், ஆள் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். முதலில் காட்டியவரே உங்கள் ஊர்க்காரர் என்றால், பெயரும் அவருடையதாக இருக்கலாமே என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

செடியை நீங்களே காட்ட விரும்பினால், பூவோ காயோ இல்லாத கிளை பயன்படாது. 42க்கு 28 சென்டிமீட்டர் தாளில் அடங்கும் அளவு கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி, முதல் நான்கு நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். ஐப்பசி மழையில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதுங்கள், காய்ந்தபின் எல்லாம் பழுப்பு. ஐந்து செடிதான் இருக்கிறது என்றால் வேரோடு பிடுங்காமல், படமும் ஒரு கிளையும் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மாதிரிகள் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரகத்துக்கும் ஹௌரா தேசிய உலர்தாவரகத்துக்கும் போகும்.

தங்கப் பல்லியை வட ஆற்காட்டில் கண்டுபிடித்ததாகப் பழைய நூலில் பார்த்தேன். வேலூரில் எந்த மலை?
– வாசகர், காட்பாடி

திருப்பதி மலை. பெட்டோம் 1870இல் விவரித்தபோது திருப்பதி வட ஆற்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. பிறகு 1989இலும் 2019இலும் நம் மாவட்டம் மறுபடி பிரிந்தது. அந்தப் பல்லிக்கு மனிதர் பெயர் இல்லை, அதன் சிற்றினப் பெயரான ‘ஆரியஸ்’ தங்க நிறத்தைக் குறிக்கிறது. மாதிரிச் சீட்டில் மாவட்டத்தை மட்டும் எழுதினால் இந்தக் கதிதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அருகில் உள்ள ஊர் ஆகிய நான்கும் எழுத வேண்டும். கட்டுரையில் மட்டும், கடத்தலுக்கு ஆளாகக்கூடிய விலங்கு என்றால், இடத்தைச் சரியாகச் சொல்லாமல் விடலாம். 1999இல் சீனாவில் விவரித்த கோனியூரோசாரஸ் லூயிஐ என்ற பல்லியை, பெயர் வெளியான கொஞ்ச காலத்திலேயே வியாபாரிகள் அந்த இடத்தில் அள்ளிவிட்டார்கள்.

மாணவர்களுக்கு வகுப்பில் காட்ட, வேலூரில் எளிதாகக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, வேலூர்

ஆத்தி இலை ஒன்று பறித்து வாருங்கள். நுனியில் ஆழமான பிளவோடு இரண்டு மடலாக இருக்கும். அதை மடித்தால் ஒரு மடல் மற்றதன் மேல் பொருந்தும். ஆத்தி, மந்தாரை இவற்றின் பேரினம் பௌஹினியா, ழான் பௌஹின், காஸ்பர் பௌஹின் என்ற தாவரவியல் சகோதரர்களின் பெயர். ஒரே இலையில் இரு மடல், ஒரே வீட்டில் இரு அறிஞர் என்று லின்னேயஸ் பொருத்தம் சொன்னார். வெப்பாலை மரம் ரைட்டியா, ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ரைட்டின் பெயர். மருதாணியை மேலே சொல்லிவிட்டோம். மூன்றும் சேர்ந்தால் ஒரு வகுப்பு நடத்தலாம்.

கெட்டவர் பெயர் வைத்திருந்தால் மாற்ற முடியுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

விலங்குகளில் முடியாது. ஸ்லோவேனியக் குகை வண்டு ஒன்றுக்கு 1937இல் வைத்த ஹிட்லர் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயருக்காகவே அதைப் பிடித்து விற்கிறார்கள், பாதிப்பு வண்டுக்கு. புதிதாக வைப்பவர் யார் மனதையும் புண்படுத்தும் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் நன்னடத்தைக் குறிப்பு. வைத்தபின் அதைக் கொண்டு பெயரை நீக்க முடியாது. தாவரங்களில் 2024இல் மாட்ரிட்டில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாடு ஒரு படி எடுத்தது. ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த சுமார் 200 தாவர, பூஞ்சை, பாசிப் பெயர்களில் ஓர் எழுத்தை எடுத்து, ‘ஆப்பிரிக்காவைச் சேர்ந்த’ என்ற பொருள் வரும்படி மாற்ற வாக்களித்தது. நிலையாக நிற்கும் பெயர் ஆராய்ச்சிக்குத் தேவைதான். ஆனாலும் இந்த மாற்றம் சரி என்பது எங்கள் கருத்து.

என் பெயரையே நான் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், அரக்கோணம்

தடை இல்லை, வழக்கமும் இல்லை. விவரித்தவர் என்ற முறையில் உங்கள் பெயரும் ஆண்டும் அந்தச் சிற்றினப் பெயரை அடுத்து எப்படியும் வரும். பின்னால் யாராவது அதை வேறு பேரினத்துக்கு மாற்றினால், உங்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும்.